கடன் கொடுப்போரின் கடமை

சர்க்கார் கடன் வாங்குகிறது; குடிகள் வரி கொடுத்து அக்கடனைத் தீர்க்கிறார்கள்; அக்கடனைக் கொண்டு நடைபெறும் வேலைக்காக அந்தக் குடிகளிலேயே சிலர் வீடும் நிலமும் பிழைப்பும் இழக்கிறார்கள். கடன் கொடுத்தவர்களோ வட்டியையும் முதலையும் தவணை தவறாமல் பெற்றுக்கொள்கிறார்கள். இழந்தவர்கள் தங்கள் குறையை யாரிடம் போய்ச் சொல்வது? கடன் கொடுத்தவர்களுக்கு அவர்களிடத்தில் கடமை எதுவும் கிடையாதா? இன்று நாம் கேட்க விரும்புவது இதுவே.

இது ஏதோ தூர தேசத்து விஷயம் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு ஸ்தாபனம், ஆசிய அபிவிருத்தி பாங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு பாங்கி, புதிய அபிவிருத்தி பாங்கி ஆகிய நான்கும் பணம் கொடுத்திருக்கின்றன. சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தில், 23 ஜில்லாக்களின் வழியாகச் செல்லும் சுமார் 590 கிலோமீட்டர் நெடுஞ்சாலைகளைச் சீர்திருத்துவதற்கு 2021-ம் வருஷத்தில் ஆசிய அபிவிருத்தி பாங்கி 48 கோடியே 40 லட்சம் டாலர் கடன் அளிக்க இசைந்தது. குளங்களையும் ஏரிகளையும் பழுது பார்ப்பதற்கு 2007-ம் வருஷம் முதல் உலக பாங்கியின் பணம் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. காஞ்சீபுரம், திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம், வாலாஜாபாத் முதலிய ஊர்களில் வாழ்வோர், தங்கள் வாசலில் வந்து நிற்கும் அளவுக்காரர் எந்த இலாகாவின் சிப்பந்தி என்று கேட்டறிகிறார்கள். அவருக்குப் பின்னால் இருப்பது எந்த பாங்கியின் பணம் என்று கேட்பவர் அரிது. அக்கேள்வியை முதற்கேள்வியாகக் கேட்கப் பழகவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இந்த பாங்கிகளில் மூத்தது உலக பாங்கி. 1944-ம் வருஷம் பிரெட்டன் உட்ஸ் என்னும் இடத்தில் கூடிய மகாநாட்டில் அது தோன்றியது. அம்மகாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகளில் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர். 1949-ல் நமது ரயில்வேக்களுக்காக 3 கோடியே 40 லட்சம் டாலர் கடன் கொடுத்து அது நம்மோடு கணக்கைத் தொடங்கியது. ஆகவே நாம் அதற்கு வெறும் கடனாளிகள் அல்லர், ஸ்தாபக அங்கத்தினர்கள், பங்குதாரர்கள். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு பாங்கியில் சீனாவுக்கு அடுத்த பெரிய பங்குதாரர் இந்தியாவே. பங்குதாரனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை டில்லி சர்க்கார் யாருக்காக உபயோகிக்கிறது என்று விசாரிக்கும் உரிமை நமக்கு உண்டு.

குஜராத்தில் கட்சு வளைகுடாவின் கரையில் முந்திரா என்ற இடத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். அங்கே டாட்டா கம்பெனியின் கிளை ஸ்தாபனம் ஒன்று சுமார் 4,000 மெகாவாட் சக்தியுள்ள நிலக்கரி மின்சார நிலையத்தை நிறுவியது. உலக பாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்ததும் தனியார் கம்பெனிகளுக்குக் கடன் கொடுப்பதுமான சர்வதேச நிதிக் கார்ப்பொரேஷன் 2008-ல் இதற்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆசிய அபிவிருத்தி பாங்கியும் அதே அளவு தொகை கொடுத்தது. அக்கடற்கரையில் வருஷத்தின் பெரும் பகுதியில் குடிசை கட்டித் தங்கி, மீன் பிடித்து, மணலில் உலர்த்தி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தன. மழைக் காலத்தில் அவர்கள் ஊர் திரும்பி விடுவார்கள். நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீர் கடலில் கலந்ததால் கரையோரத்து மீன் குறைந்தது என்றும், கரித்தூள் உலர்த்திய மீனின்மேல் படிந்தது என்றும், கிணற்று நீர் உப்பாயிற்று என்றும் அவர்கள் முறையிட்டார்கள்.

2011-ல் அம்முறையீடு கார்ப்பொரேஷனின் சொந்தக் குறைகேட்பு அதிகாரியிடம் சென்றது. அந்த அதிகாரியின் 2013-ம் வருஷத்து அறிக்கை மீனவர்கள் கட்சியை முக்கியமான அம்சங்களில் ஆதரித்தது. பருவந்தோறும் வந்து தங்கும் மீனவர்களைத் திட்டத்தினால் பாதிக்கப்படுவோராகக் கருதிப் போதுமான கவனம் செலுத்தவில்லை என்று அது கண்டது. 2015-ல் ஆசிய அபிவிருத்தி பாங்கியின் விசாரணைக் குழுவும் அந்த பாங்கி தன் விதிகளைத் தானே மீறியிருக்கிறது என்று கூறிற்று. இவ்வாறு இரண்டு பாங்கிகளின் சொந்த விசாரணைக்காரர்களே குற்றம் கண்டார்கள். இதனால் மீனவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஏட்டில் எழுதிய நியாயம் கிடைத்தது; இழந்த பிழைப்பு திரும்பவில்லை. குறைகேட்பு அதிகாரிக்கு ஆராயும் அதிகாரம் உண்டு. எழுதும் அதிகாரம் உண்டு. நஷ்டஈடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் மட்டும் கிடையாது. கார்ப்பொரேஷன் நிர்வாகமோ அவ்வறிக்கையின் முடிவுகளில் பெரும்பாலானவற்றை மறுத்தே பதில் எழுதியது.

வேறு வழியின்றி மீனவர்களும் ஒரு கிராமப் பஞ்சாயத்தும் 2015-ல் அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், கார்ப்பொரேஷனின் தலைமைக் காரியாலயம் இருக்கும் இடத்திலேயே, வழக்குத் தொடர்ந்தார்கள். "நாங்கள் சர்வதேச ஸ்தாபனம், எங்கள்மீது வழக்கே கிடையாது" என்பது பிரதிவாதியின் பதில். 1945-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று சர்வதேச ஸ்தாபனங்களுக்கு அந்நிய சர்க்கார்களுக்கு உள்ள விலக்குரிமையையே கொடுக்கிறது. 1945-ல் அந்நிய சர்க்கார்கள் ஏறக்குறையப் பூரண விலக்கு அனுபவித்து வந்தன. ஆனால் 1976-ல் அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றி, வியாபார காரியங்களில் அந்நிய சர்க்கார்மீதும் வழக்குத் தொடரலாம் என்று செய்துவிட்டது. அப்படியானால் சர்வதேச ஸ்தாபனத்துக்கு 1945-ம் வருஷத்து அளவா, இன்றைய அளவா? கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் மீனவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புக் கூறின. 2019-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாக, இன்றைய அளவுதான் என்று தீர்ப்பளித்தது. கட்சுக் கரையின் மீனவன் உலக பாங்கிக் குடும்பத்தின் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான் என்று பலரும் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வழக்கு கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பியபோது, வழக்குக்கு ஆதாரமான காரியங்கள் அமெரிக்காவில் அன்றி இந்தியாவில் நடந்தவை என்று காரணம் காட்டி அது தள்ளப்பட்டது. 2021-ல் அப்பீல் கோர்ட்டு அதை உறுதி செய்தது. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தலையிட மறுத்தது. ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் சாத்தியது போலாயிற்று. கடன் கொடுக்கலாமா என்ற யோசனை வாஷிங்டனில் நடக்கிறது. அதன் துன்பம் முந்திராவில் விளைகிறது. வாஷிங்டன் கோர்ட்டோ துன்பம் விளைந்த இடத்தைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. பொறுப்பு என்ற வஸ்து கடலைக் கடக்கும்போது எங்கோ மூழ்கிவிடுகிறது.

இந்தியாவிலேயே வழக்குத் தொடர முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். 1958-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றினால் நமது பார்லிமெண்டு அந்தக் கார்ப்பொரேஷனின் அந்தஸ்தையும் விலக்குரிமைகளையும் இந்நாட்டில் செல்லுபடியாக்கியிருக்கிறது. ஆசிய அபிவிருத்தி பாங்கிக்கு 1966-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. கார்ப்பொரேஷனின் ஸ்தாபன ஒப்பந்தத்தில், அதற்குக் காரியாலயம் உள்ள அங்கத்தினர் நாட்டின் தகுந்த கோர்ட்டில் அதன்மீது வழக்குத் தொடரலாம் என்ற வாசகமும் அடங்கியிருக்கிறது. புது டில்லியில் அதற்குக் காரியாலயம் உண்டு. நமது வக்கீல் நண்பர்கள் வெறும் பணக் கொடுக்கல் வாங்கல் ஷரத்து என்று இதைத் தள்ளிவிடாமல், ஏழைகளின் சார்பில் ஊன்றிப் படித்துப் பார்க்கவேண்டும்.

குறைகேட்கும் ஏற்பாடுகளும் கடன் கொடுப்போரின் தாராள புத்தியால் தானாக வந்தவை அல்ல. அவற்றையும் நம் நாட்டு ஜனங்களே போராடிப் பெற்றார்கள். 1985-ல் நர்மதை நதியில் சர்தார் சரோவர் அணைக்காக உலக பாங்கி 45 கோடி டாலர் கொடுக்க முன்வந்தது. மலைவாசிகளும் குடியானவர்களும் கிளர்ச்சி செய்ததன் பேரில் 1991-ல் பிராட்போர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு சுயேச்சைக் கமிஷனை பாங்கி நியமிக்க நேர்ந்தது. 1992-ம் வருஷத்து அக்கமிஷன் அறிக்கை, குடிமாற்ற ஏற்பாடுகள் சரியான ஆராய்ச்சியின்றிச் செய்யப்பட்டவை என்று கண்டித்து, பாங்கி பின்வாங்கி யோசிக்கவேண்டும் என்றது. 1993 மார்ச்சில் எஞ்சிய கடன் வேண்டாமென்று இந்திய சர்க்காரே தெரிவித்தது. அதே வருஷம் செப்டம்பரில் உலக பாங்கி சோதனைக் குழு ஒன்றை நிறுவியது. பிற பாங்கிகள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. அணை நிற்கவில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் பாதிக்கப்பட்ட குடிகள் கடன் கொடுத்தவனைக் கேள்வி கேட்கலாம் என்ற நியதி நர்மதைக் கரையிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தது.

அந்நியதி முற்றிலும் பயனற்றது என்றும் நாம் சொல்லமாட்டோம். பம்பாயில் ரயில் பாதைகளையும் சாலைகளையும் விஸ்தரிப்பதற்காக ஒரு லட்சம் ஜனங்களுக்கு மேல் குடிபெயர்க்கப்பட்டபோது, குர்லா பகுதியின் சிறு கடைக்காரர்கள் 2004-ல் உலக பாங்கியின் சோதனைக் குழுவுக்கு மனுச் செய்தார்கள். 2005 டிசம்பரில் குழுவின் அறிக்கை வந்தது. 2006 மார்ச்சில் பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. மகாராஷ்டிர சர்க்கார் குறைகளைத் திருத்த இசைந்த பிறகே ஜூன் மாதத்தில் மீண்டும் கொடுத்தது. கம்போடியாவின் தலைநகரில் ஏரிக்கரைக் குடும்பங்கள் விரட்டப்பட்டபோது, சோதனைக் குழுவின் முடிவையொட்டி உலக பாங்கி அந்நாட்டுக்குப் புதுக் கடன்களை நிறுத்தி வைத்தது. 2011 ஆகஸ்டில் அந்நாட்டு சர்க்கார் எஞ்சியிருந்த குடும்பங்களுக்கென்று 12.44 ஹெக்டேர் நிலத்தை ஒதுக்கியது. இவ்விரண்டு திருஷ்டாந்தங்களிலும் வேலை செய்தது பணத்தை நிறுத்தும் சக்தி. அறிக்கை எழுதிய காலத்தில் அசையாதவர்கள் பணம் நின்ற காலத்தில் அசைந்தார்கள்.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்துக்கு ஒரு தனி முக்கியத்துவம் இருக்கிறது. 2013-ம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்குமுன் சமூக விளைவுகளை ஆராயவேண்டும் என்றும், தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 80 பேரும், தனியாரும் சர்க்காரும் கூடிச் செய்யும் காரியத்துக்காக எடுத்தால் 70 பேரும் சம்மதிக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் நெடுஞ்சாலைகள், தொழில்கள் முதலியவற்றுக்கான தமிழ்நாட்டின் மூன்று சட்டங்களை, நஷ்டஈட்டு விகிதம் போன்ற அம்சங்கள் நீங்கலாக, அந்நியதிகளிலிருந்து விலக்கி நமது சட்டசபை 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு அச்சட்டங்கள் செல்லா என்றது. அதே வருஷத்திலேயே சட்டசபை அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. இதன் பலன் யாது? ஜனங்களைக் கலந்து ஆலோசிக்கவேண்டும், பிழைப்பை இழப்போருக்குப் பிழைப்பை மீட்டுக் கொடுக்கவேண்டும் என்று கடன் கொடுக்கும் பாங்கியின் விதிப் புத்தகம் சொல்கிறது. நமது சட்டப் புத்தகம் அவ்வளவு சொல்லவில்லை. அந்நியனுடைய கணக்குப் புத்தகத்தில் காணப்படும் உரிமை நம் வீட்டுச் சட்டத்தில் இல்லை என்பது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்குப் பெருமை தருவதல்ல. அது திருந்தும் வரையில், இருக்கிற ஆயுதத்தையாவது எடுத்துப் பிரயோகிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

காஞ்சீபுரத்து நெசவாளரின் நிலைமையை ஆலோசித்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். பட்டு நெசவாளனுக்கு வீடு வேறு, தொழிற்சாலை வேறு அல்ல. குழித்தறி அவன் வீட்டுத் தரையில் தோண்டப்பட்டிருக்கிறது. அதிகாலையில் பாவை நீட்டி விரித்துச் சீர்செய்வதற்கு அவனுக்குத் தெரு வேண்டும். நூல் இழைக்கும் மனைவிக்கும் கோர்வைக்கு உதவும் பிள்ளைக்கும் அதே கூரையின் கீழ் இடம் வேண்டும். ரஸ்தா விஸ்தரிப்புக்காக அவன் வீட்டின் முன்பாகம் எடுக்கப்பட்டால், சர்க்கார் கணக்கில் அது இத்தனை சதுர அடி. பத்து மைலுக்கு அப்பால் மூன்றாவது மாடியில் அவனுக்கு ஒரு வீடு கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் மாடியின் தரையில் குழித்தறி தோண்ட முடியுமா? படிக்கட்டில் பாவு விரிக்க முடியுமா? தெரு அவன் பத்திரத்தில் இல்லை. ஆகையால் அதற்கு நஷ்டஈடும் இல்லை. முந்திரா மீனவனின் மணல்வெளியும் அவன் பத்திரத்தில் இல்லாததுதான். வீட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பிழைப்பை எண்ணத் தெரியவில்லை என்பதே இரண்டு இடத்துக்கும் பொதுவான குறை. இதைத் திட்டம் வகுக்கும்போதே எடுத்துச் சொல்லக்கூடியவன் நெசவாளன் ஒருவனே. அவனைக் கேளாமல் வகுத்த திட்டம் அறியாமையில் வகுத்த திட்டமே ஆகும்.

நமது யோசனைக்கு இரண்டு ஆக்ஷேபங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கடன் கொடுப்போருக்கு இவ்வளவு பொறுப்புச் சுமத்தினால் அவர்கள் கடன் கொடுக்கவே வரமாட்டார்கள். சாலையும் குடிநீரும் நின்றுபோகும் என்பது. இது பயமுறுத்தலேயன்றி வாதம் அல்ல. பம்பாயில் பணம் நின்றது சில மாதமே. வேலை நடந்துதான் முடிந்தது. சாலை வேண்டாம் என்றோ ரயில் வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. அதன் செலவில் ஒரு பகுதியை மிகவும் ஏழையான சில குடும்பங்களின் தலையில் கணக்கில் எழுதாமல் சுமத்தாதீர்கள் என்றே சொல்கிறோம். எழுதாத செலவும் செலவுதான்.

இரண்டாவது ஆக்ஷேபம் தேசபக்தியின் வேஷத்தில் வருகிறது. நம் சர்க்கார் இருக்க, நம் ஜனங்கள் அந்நிய பாங்கியிடம் போய் முறையிடுவது நாட்டின் சுதந்திரத்துக்கு இழுக்கல்லவா என்கிறார்கள். கடன் வாங்கும்போது வராத இழுக்கு, அக்கடனின் நிபந்தனைப்படி நடக்கச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? தேசத்தின் சுதந்திரம் காரியதரிசிகளின் காரியாலயத்தில் மட்டும் குடியிருப்பதல்ல. கிராம சபையிலும் குடியிருக்கிறது. 2022-ம் வருஷத்தில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஏகனாபுரத்து ஜனங்கள் தங்கள் கிராம சபையில் அதை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் செய்தார்கள். அத்திட்டத்தின் நன்மை தீமைகள் தனி விவாதத்துக்குரியவை. ஆயினும் அத்தகைய தீர்மானத்தைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவோர் யாராயினும் படித்துப் பார்த்தாகவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

கடன் கொடுப்பவனுக்கு நஷ்டமே வராதபடி ஏற்பாடு செய்தால் அவன் கவனமாக இருக்கமாட்டான் என்பது நமக்குப் பழைய அனுபவம். 1849 முதல் ரயில்வேக் கம்பெனிகளின் முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி இந்திய வரிப்பணத்திலிருந்து உத்தரவாதம் செய்யப்பட்டது. பாதை லாபம் தந்தாலும் தராவிட்டாலும் லண்டனிலிருந்த பங்குதாரருக்கு வட்டி போய்ச் சேர்ந்தது. செலவும் கண்மண் தெரியாமல் ஏறிற்று. 1897-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் லண்டனுக்குச் சென்று வெல்பி கமிஷன் முன்பு இந்தியாவின் வரவு செலவைப் பற்றிச் சாட்சியம் கூறினார். கணக்குக் கேட்பது இத்தேசிய இயக்கத்தின் ஆதி தொழில். இன்றைய கடன்களுக்கும் சர்க்காரின் உத்தரவாதம் உண்டு. பாங்கியின் விலக்குரிமையும் உண்டு. பணத்துக்கு ஒரு பந்தோபஸ்து, பழிக்கு ஒரு பந்தோபஸ்து என்று இரட்டைக் காவல் பெற்றவன், எளியவன் குரலுக்குத் தானாகச் செவி சாய்ப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

ஆகவே நாம் கோருபவை இவை. கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன், திட்டத்தின் விவரமும் குடிமாற்ற ஏற்பாடும் எளிய தமிழில் அச்சிடப்பட்டு, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்படவேண்டும். ஆங்கிலத்தில் எங்கோ வெளியிட்டோம் என்பது அறிவிப்பாகாது. கடன் தொகையில் ஒரு பங்கு, பின்னால் நேரும் துன்பத்துக்குப் பரிகார நிதியாக ஆரம்பத்திலேயே ஒதுக்கப்படவேண்டும். அதில் பாங்கியும் தன் பங்கைப் போடவேண்டும். சோதனைக் குழு குற்றம் கண்டால், திருத்தும் வரையில் பணம் தானாக நிற்கவேண்டும். நிர்வாகத்தின் தயவுக்கு அது விடப்படலாகாது. முறையிட்டவர்களைப் போலீஸாரோ குத்தகைக்காரரோ தொந்தரவு செய்தால், அதை ஒப்பந்தத்தை மீறிய செயலாகக் கருதவேண்டும். விலக்குரிமையைப் பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் தளர்த்தவேண்டுமென்று இந்தியாவின் பிரதிநிதிகள் நிர்வாக சபைகளில் பிரேரணை கொண்டுவரவேண்டும். முந்திரா மீனவர்கள் நம் பிரஜைகள். அவர்களுக்காக நம் பிரதிநிதிகள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

இவை நிறைவேறும் வரையில் நமது ஊழியர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. உலக பாங்கியின் சோதனைக் குழுவுக்கும் ஆசிய அபிவிருத்தி பாங்கியின் விசாரணைக்கும் மனுச் செய்ய இரண்டு பேர் சேர்ந்தால் போதும். மனு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது, தமிழில் எழுதலாம். ஆனால் முதலில் திட்ட அதிகாரிகளிடமும் பாங்கியின் இலாகாவிடமும் முறையிட்டுப் பார்த்திருக்கவேண்டும். அதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி வேண்டும். காலக்கெடுவும் உண்டு. ஆசிய அபிவிருத்தி பாங்கியில் கடன் கணக்கு முடிந்து இரண்டு வருஷம். உலக பாங்கியில் பதினைந்து மாதம். இதற்குப் பின் வரும் மனு எவ்வளவு நியாயமானதாயினும் செல்லாது. கடிதங்களையும் ரசீதுகளையும் அளவுக் குறிப்புகளையும் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கும் ஒரு படித்த வாலிபன் ஒவ்வொரு கிராமத்திலும் இருப்பானாகில், மேடையில் செய்யும் பத்துப் பிரசங்கங்களைவிட அது பெரிய தேசசேவை.

திருப்புட்குழியில் கோயில் கொண்டிருக்கும் விஜயராகவப் பெருமாள், ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்தவர் என்பது அவ்வூரின் ஐதீகம். பலசாலி ஒருவன் ஒரு ஸ்திரீயைப் பலாத்காரமாகக் கொண்டுபோனபோது, வயது முதிர்ந்த அந்தப் பறவை தன் சக்திக்கு மேற்பட்டுத் தடுத்தது. சிறகிழந்து வீழ்ந்த பின்னும், நடந்ததைச் சொல்வதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது சொன்ன சாட்சியத்தைக் கேட்பதற்கு ஒரு ராமன் வந்தான். ஆகையால் அச்சாட்சியம் வீண்போகவில்லை. முந்திராவின் மீனவர்கள் பதினோரு வருஷம் சாட்சியம் சொன்னார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. அடுத்த சாட்சியம் நமது ஜில்லாவிலிருந்து எழும்போது, அதைக் கேட்டே தீரவேண்டிய நிலைமையைக் கடன் கொடுப்போருக்கு உண்டாக்கி வைப்பது இப்போதே நாம் செய்யவேண்டிய வேலை.